அந்த 384 மணி நேரம்: வாசகர் கேள்வி–பதில்

கோடை விடுமுறை தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, படித்துக்கொண்டே அலுவலகங்களில் பயிற்சி பெறும் மாணவர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வந்தவை. கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஆண்டுகளில் இப்படிப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பலருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் என்ற முறையில், இந்த இதழ் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

*

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரியில் உள்ள கல்லூரிக்குப் போய் வந்து பி.காம். படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு முடிந்துவிட்டது. 4 கிரெடிட்டுக்கு இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும் என்று கல்லூரியில் சொன்னதால், புதுச்சேரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எட்டு வாரத்துக்குச் சேர்ந்தேன். வாரத்தில் ஆறு நாள், காலை 9.30 முதல் மாலை 6.30 வரை, இடையில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு. மூன்று வாரம் ஆகிவிட்டது. ஜெராக்ஸ் எடுப்பது, பழைய ஃபைல்களை அடுக்குவது, வங்கிக்குப் போய் வருவது, எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வருவது ஆகியவைதான் இதுவரை நான் செய்த வேலை. உதவித்தொகை கிடையாது; பஸ் செலவுக்கு அப்பா தருகிறார். நின்றுவிடலாமா? நின்றால் சான்றிதழ் தர மாட்டார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. – வாசகி, கடலூர்

பதில்: முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், அம்மா. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பட்டப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, இன்டர்ன்ஷிப்பில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரம். அப்படியானால் உங்களுடைய 4 கிரெடிட்டுக்கு 120 மணி நேரம் போதும். நீங்கள் ஒப்புக்கொண்டிருப்பதோ நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 6 நாள், மொத்தம் 8 வாரம், அதாவது 384 மணி நேரம். முடிந்துபோன மூன்று வாரத்தில் மட்டும் 144 மணி நேரத்தை அந்த அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் துறை இதைவிடக் கூடுதலான நாட்களைக் கேட்கிறதா என்பதைப் பொறுப்பாசிரியரிடம் இன்றே உறுதிசெய்துகொள்ளுங்கள்; கேட்கவில்லை என்றால், கல்லூரிக்குத் தேவையானதை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். மீதமிருக்கும் 240 மணி நேரமும் உங்களுடையது. அதை அங்கேயே செலவிடுவதா, வேண்டாமா என்பதை நீங்கள் பயத்தோடு முடிவு செய்ய வேண்டிய நிலையில் இல்லை. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பேசுகிறவருக்கும் தெரியாமல் பேசுகிறவருக்கும் குரலிலேயே வேறுபாடு இருக்கும்.

ஆனால் உடனே நின்றுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஃபைல் அடுக்குவது வீண் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வியாபாரியின் ஓராண்டு வவுச்சர்களைத் தேதிவாரியாக அடுக்குகிறவருக்கு, அவர் எந்த மாதத்தில் சரக்கு வாங்கினார், யாருக்குப் பாக்கி வைத்தார், எந்தச் செலவுக்கு ரசீது இல்லாமல் போயிற்று என்பதெல்லாம் கண்ணில் படும். என்ன பார்க்க வேண்டும் என்று யாரேனும் ஒருமுறை சொல்லிக் கொடுத்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும். மூன்று வாரமாக அதைச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை என்பது அந்த அலுவலகத்தின் குறை. டீ வாங்கி வருவதைப் பற்றி மட்டும் வேறு மாதிரி சொல்வேன்: எல்லோரும் முறைவைத்துப் போனால் நீங்களும் போகலாம், பயிற்சிக்கு வந்த பெண் என்பதால் நாள்தோறும் நீங்களே போக வேண்டும் என்றால் அது மரியாதைக் குறைவு, அதற்கு இணங்க வேண்டியதில்லை.

இனி, கேட்பது எப்படி என்று பார்ப்போம். உங்களுக்கு வேலை தராமல் இருப்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்வதில்லை. சொல்லிக் கொடுக்க நேரமில்லாமல், தாங்களே செய்துவிட்டால் சீக்கிரம் முடியும் என்று செய்துவிடுகிறார்கள். ஆகவே நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். வரி அலுவல் பார்க்கும் இடங்களுக்கு மாதத்தில் சில தேதிகள் நெருக்கடியானவை. பிடித்தம் செய்த வருமான வரியைக் கட்ட 7ஆம் தேதி, மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்ட 15ஆம் தேதி, மாதக் கணக்கைச் சுருக்கமாகக் காட்டி வரியைக் கட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்துக்கு 20ஆம் தேதி. இவற்றுக்கு முந்தைய இரண்டு நாட்களில் யாரிடமும் சந்தேகம் கேட்டுப் பயனில்லை. 21ஆம் தேதிக்குப் பிறகு வரும் ஒரு வாரம், மூச்சுவிட நேரம் கிடைக்கும் வாரம். அப்போது அங்கே மூத்தவராக இருக்கும் பெண் ஊழியரிடம் போய், "அக்கா, எனக்கு ஒரு பார்ட்டியோட கணக்கை மட்டும் கொடுங்க, நான் போட்டு வைக்கிறேன், நீங்க பார்த்துத் திருத்துங்க" என்று கேளுங்கள். "எனக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்கிறீர்களே" என்று கேட்டால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். ஒரு குறிப்பிட்ட வேலையைக் கேட்டால் அதை எடுத்துக் கொடுப்பது அவருக்கும் எளிது.

எந்த வேலையைக் கேட்பது? இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, வங்கிச் சரிகட்டும் பட்டியல், அதாவது வங்கி அறிக்கையையும் நம் கணக்கேட்டையும் ஒத்துப் பார்ப்பது. கல்லூரியில் ஐந்து பதிவுகளை வைத்துப் போட்ட அதே கணக்கை, உண்மையான ஒரு கடையின் ஒரு மாத வங்கி அறிக்கையை வைத்துப் போட்டுப் பாருங்கள், யு.பி.ஐ. வழியாக வந்த நூற்றுக்கணக்கான சிறு தொகைகளில் எது விற்பனை, எது கடைக்காரர் தம் வீட்டுப் பணத்தைப் போட்டது என்று பிரிப்பதற்குள் பாடப்புத்தகம் சொல்லாத பலவும் புரிந்துவிடும். மற்றொன்று, கொள்முதல் பதிவேட்டை ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிடுவது. ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி உருவாகும் அந்த அறிக்கையில், விற்றவர் தாக்கல் செய்த பில்கள் மட்டுமே இருக்கும். நம் பதிவேட்டில் இருந்தும் அந்த அறிக்கையில் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. பொறுமையும் கவனமும் உள்ள இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரால் இதைத் தனியாகச் செய்ய முடியும், அலுவலகத்துக்கும் இது உண்மையிலேயே தேவையான வேலை.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் தினமும் பஸ்ஸில் போய்வரும் உங்களுக்கு இன்னொன்றும் உடனே விளங்கும். ஜி.எஸ்.டி. பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. முள்ளோடை எல்லையைத் தாண்டியதும் எண் மாறிவிடுகிறது. 2017 ஜூலை 1 அன்று இந்த வரி நடைமுறைக்கு வந்த புதிதில், எங்களிடம் பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர், கடலூர் வியாபாரி ஒருவர் புதுச்சேரிக் கடைகளுக்கு அனுப்பிய சரக்குகளின் வரியை எல்லாம் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரித்துப் பதிந்துவிட்டார். அரை மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் ஊருக்கு விற்றது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை என்றும், அதற்கு ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒரே வரி என்றும் அவருக்குத் தோன்றவில்லை. தாக்கலுக்கு முன்பே கண்டுபிடித்ததால் பெரிய சேதம் இல்லை. அந்த மாணவர் கண் கலங்கி நின்றது இன்னும் என் நினைவில் இருக்கிறது. தவறு எங்களுடையது. இந்த எல்லையைப் பற்றி நாங்கள் யாரும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. 33, 34 என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருந்தால் போதும். நீங்கள் பில்களைப் பதியத் தொடங்கும்போது இதைத்தான் முதலில் பாருங்கள்.

இன்றே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, கற்றுக்கொண்டது என ஐந்து பத்தி போட்டு, கழிந்த மூன்று வாரத்தையும் நினைவிலிருந்து எழுதிவிடுங்கள். வாரம் ஒருமுறை அலுவலகத்தில் ஒருவரிடம் கையொப்பம் வாங்குங்கள். பயிற்சிக்கு அனுமதித்துக் கடிதம் எதுவும் தரவில்லை என்றால், தொடங்கிய தேதியையும் முடியும் தேதியையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் தரும்படி பொறுப்பாசிரியர் வழியாகக் கேளுங்கள். சான்றிதழ் பற்றிய உங்கள் பயத்துக்கு இந்த இரண்டு தாள்கள்தாம் மருந்து. கையொப்பமிட்ட குறிப்பேடும் கடிதமும் உங்களிடம் இருந்தால், சான்றிதழ் தர மறுப்பது அவர்களுக்கு எளிதாக இராது. மறுத்தாலும் கல்லூரியிடம் காட்ட உங்களிடம் சான்று இருக்கும்.

நேரத்தையும் பேசுங்கள். 6.30க்குக் கிளம்பி, மரப்பாலம் சந்திப்பு நெரிசலில் நின்று, வீடு சேர எத்தனை மணி ஆகும் என்பது எனக்குத் தெரியும். கல்லூரிக்குத் தேவையான நேரத்தைத் தாண்டிவிட்ட நிலையில், மாலை 5 மணிக்குப் புறப்பட அனுமதி கேட்பது நியாயமான கோரிக்கை. இவ்வளவுக்கும் பிறகு, அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு கணக்கைக்கூட உங்கள் கையில் தரவில்லை என்றால், ஐந்தாவது வார முடிவில் நன்றி சொல்லிவிட்டுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அதில் தயங்க ஒன்றுமில்லை.

*

கேள்வி: என் மகன் பி.சி.ஏ. படிக்கிறான். வீட்டிலிருந்தே செய்யும் இன்டர்ன்ஷிப் என்று ஒரு நிறுவனம் கைப்பேசியில் செய்தி அனுப்பியிருக்கிறது. பதிவுக் கட்டணமாக 2,500 ரூபாயும், 'சரிபார்ப்புக்காக' அசல் மதிப்பெண் சான்றிதழும் கேட்கிறார்கள். கட்டலாமா? – வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கட்ட வேண்டாம், ஐயா. வேலை செய்ய வருகிறவரிடம் வேலை தருகிறவர் பணம் வாங்குவது பயிற்சி ஆகாது. அவர்கள் விற்பது ஒரு தாளை. அசல் சான்றிதழை எக்காரணம் கொண்டும் எவரிடமும் விட்டுவைக்கக் கூடாது. நேரில் காட்டிவிட்டு, நகலைக் கொடுத்துவிட்டு, அசலைக் கையோடு திரும்பக் கொண்டுவர வேண்டும். மகன் கேட்டால், பக்கத்திலேயே நெல்லிக்குப்பத்திலோ பண்ருட்டியிலோ கணினியில் பில் போடும் ஏதேனும் ஒரு மொத்த வியாபாரியிடம் ஒரு மாதம் உட்கார்ந்துவரச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் சரக்கிருப்புப் பட்டியலை ஒழுங்குபடுத்தி ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தால், நேர்காணலில் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச அவரிடம் விஷயம் இருக்கும். கல்லூரியின் ஒப்புதலை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

*

கேள்வி: பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன், 21 வயது முடிந்துவிட்டது. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். கல்லூரிக்குப் போய்க்கொண்டே அதில் சேரலாமா? – வாசகர், அரியாங்குப்பம்

பதில்: திட்டம் தொடங்கியபோது இருந்த விதிகளின்படி முடியாது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டம் அப்போது 21 முதல் 24 வயது வரையிலானவர்களுக்கானதாக இருந்தது என்றாலும், முழுநேரக் கல்வியில் இருப்பவர்களும் முழுநேர வேலையில் இருப்பவர்களும் அதில் சேர இயலவில்லை. தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்களுக்கு அந்தத் தடை இருக்கவில்லை. மாதம் 5,000 ரூபாயில் 4,500 ரூபாயை மத்திய அரசும் 500 ரூபாயை நிறுவனமும் தந்தன. தொடக்கத்தில் ஒருமுறை 6,000 ரூபாய் தனியாக உண்டு என்றும் இருந்தது. பயிற்சி 12 மாதமாக இருந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்றும் இருந்தது. விண்ணப்பிக்கும் முன் இப்போதைய விதிகளைப் பாருங்கள்.

அதோடு நிற்காமல், இன்டர்ன்ஷிப்புக்கும் தொழிற்பழகுநர் பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். பழகுநர் என்பவர் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் பதிவுசெய்து சேர்க்கப்படுகிறவர். அவருக்கு உதவித்தொகை தருவது நிறுவனத்தின் தயவைப் பொறுத்த விஷயம் ஆகாது, சட்டக் கடமை. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தன. நம் பக்கத்திலேயே நெய்வேலியில் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் பொறியியல் படித்தவர்களோடு பி.காம்., பி.சி.ஏ. போன்ற பட்டங்கள் பெற்றவர்களையும் பழகுநர்களாக எடுத்து வந்திருக்கிறது. தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் இப்போதே பெயரைப் பதிவதற்கான தாள்களைச் சேர்த்து வையுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும் ஒரே எழுத்துகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விண்ணப்பங்கள் அங்கேதான் அதிகம் தடுமாறுகின்றன.

*

கேள்வி: ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி நான். கடலூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சி பெறுகிறேன். அங்குள்ள மூத்தவர் ஒருவர் இரவில் தேவையில்லாத செய்திகளை அனுப்புகிறார்; நேற்று அனுப்பியது மிகவும் அருவருப்பாக இருந்தது. நான் ஊழியர் இல்லையே, பயிற்சிக்கு வந்தவள்தானே, எனக்குச் சட்டம் பொருந்துமா? பயிற்சி வாரங்கள் வீணாகிவிடுமா? – வாசகி, பாகூர்

பதில்: பொருந்தும். பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியர் என்ற சொல்லுக்குள் பயிற்சி பெறுபவரையும் பழகுநரையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சம்பளம் வாங்குகிறாரா, இல்லையா என்பதையும் அது பார்ப்பதில்லை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். வழக்கறிஞர் அலுவலகங்கள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை என்பதால், நீங்கள் மாவட்ட அளவில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மஞ்சக்குப்பத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். கடைசியாக நடந்த நிகழ்விலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். உங்கள் பெயரை வெளியிடுவதை அந்தச் சட்டமே தடைசெய்கிறது.

அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். அனுப்பியவரின் எண்ணும் நேரமும் தெரியும்படி படமெடுத்து, நீங்கள் நம்பும் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். வீட்டில் அம்மாவிடமோ அக்காவிடமோ இன்றே சொல்லிவிடுங்கள். எந்த நேரமும் அழைக்கக்கூடிய மகளிர் உதவி எண் 181. அந்த அலுவலகத்துக்கு இனி நீங்கள் போக வேண்டியதில்லை. பயிற்சியைப் பற்றிய கவலை வேண்டாம்: இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008ஆம் ஆண்டு விதிகள் ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரப் பயிற்சி கேட்கின்றன, அதுவும் ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது என்ற வரம்போடு. வேறொரு வழக்கறிஞரிடமோ, தொண்டு நிறுவனத்திலோ, உள்ளாட்சி அமைப்பிலோ மீதி வாரங்களை முடிக்க விதியில் இடம் இருக்கிறது. நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. புகார் எழுதும்போது துணை தேவைப்பட்டால் மறுபடியும் எழுதுங்கள். பெயர் வெளியிடாமல் பதில் அனுப்புவேன்.

*

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் சிறிய கணக்கு அலுவலகம் நடத்துகிறேன், என்னோடு மூன்று பேர். இந்த ஆண்டு இரண்டு கல்லூரி மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்க நினைக்கிறேன். அவர்களுக்குப் பணம் தர வேண்டுமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்? – வாசகர், கடலூர்

பதில்: இதைக் கேட்க உங்களுக்குத் தோன்றியதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மாணவர் கற்றுக்கொள்ள மட்டும் வருகிறார், நீங்கள் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்றால், பஸ் செலவும் மதியச் சாப்பாடும் தந்தால் போதும் என்பது என் கருத்து. அதற்குக் குறைவாகத் தருவது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் பயிற்சிக்கு வரட்டும் என்று சொல்வதாகிவிடும். விடுமுறையில் போன ஊழியரின் வேலையை அவரிடம் தருகிறீர்கள், அவர் பதிவதை வைத்து வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குகிறீர்கள் என்றால், உழைப்புக்கு உரிய தொகையைக் கொடுத்துவிடுங்கள்.

அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். 'யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்' என்றால் அந்தப் பிள்ளை யாரிடமும் கேட்காது. வாடிக்கையாளரின் மின்னணுக் கையொப்பக் கருவியையும், வரி இணையதளத்தின் கடவுச்சொல்லையும், ஓ.டி.பி.யையும் மாணவர் கையில் கொடுக்காதீர்கள். அவசரத்தில் எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதான் என்றாலும், தவறு நேர்ந்தால் அந்த இருபது வயதுப் பிள்ளை பயந்து நடுங்கும் நிலையை நாமே உண்டாக்கியதாகும். பில்களைச் சொந்தக் கைப்பேசியில் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பதையும் முதல் நாளே காரணத்தோடு சொல்லிவிடுங்கள்.

சான்றிதழில் 'நன்னடத்தை உடையவர்' என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்தெந்தக் கணக்குகளைத் தாமே போட்டார் என்று இரண்டு வரி எழுதுங்கள். வேலைக்கு எடுக்கிறவர்கள் படிப்பது அந்த இரண்டு வரியைத்தான். அதைக் கடைசி வேலை நாளுக்கு முந்தின மாலையே தட்டச்சு செய்து, முத்திரையிட்டு வைத்துவிடுங்கள். அந்த ஒரு தாளுக்காக அவர் இன்னொரு முறை பஸ் ஏறி வரும்படி செய்ய வேண்டாம்.